ஒரு தக்காளி விலைப் பக்கத்துக்கு இவ்வளவு பெரிய ஃபிரேம்வொர்க் எதற்கு?

கேள்வி: தருமபுரியில் இறுதியாண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன். பாலக்கோடு மண்டியில் அன்றன்றைய தக்காளி விலையைக் காட்டும் ஒரு பக்கத்தை பிராஜெக்டாக எடுத்திருக்கிறோம். பக்கத்தை எழுதச் சாதாரண எச்டிஎம்எல், பின்னால் சர்வரில் ஓடக் கொஞ்சம் பிஎச்பி போதும் என்று நான் சொன்னேன். குழுவில் மற்ற மூன்று பேரும் ரியாக்ட், நெக்ஸ்ட் மாதிரி ஃபிரேம்வொர்க், அதாவது பக்கம் கட்டத் தயாராக வைத்திருக்கும் சட்டகம், இல்லாமல் செய்தால் மார்க்கும் வராது, வேலையும் கிடைக்காது என்கிறார்கள். எளிய வழி கண்ணெதிரே இருக்கும்போது டெவலப்பர்கள் ஏன் கனமான ஃபிரேம்வொர்க்கையே எடுக்கிறார்கள், அண்ணா?

பதில்:

தம்பி, நான் கிருஷ்ணகிரிக்காரன். பதினைந்து வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருக்கிறேன். பாதிக் காலம் ஓசூரில் சிறிய கம்பெனிகளில், மீதிக் காலம் தினமும் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்குப் போய்வந்து. கனமான ஃபிரேம்வொர்க்கை நானே விரும்பி எடுத்திருக்கிறேன், நானே பிரித்துப் போட்டும் இருக்கிறேன். அதனால் உங்கள் நண்பர்களுக்கு விவரம் தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் இந்தப் பக்கத்துக்கு நீங்கள் சொன்ன வழிதான் சரி. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதைத்தான் விளக்கப் போகிறேன்.

ஃபிரேம்வொர்க்கைத் தேர்வு செய்கிற ஆள் வேறு, அதன் பாரத்தைச் சுமக்கிற ஆள் வேறு. தேர்வு செய்கிறவர் நல்ல லேப்டாப்போடு வைஃபையில் உட்கார்ந்திருக்கிறார். சுமக்கிறவர் மாரண்டஅள்ளிப் பக்கம் வரப்பில் நின்று, ஒரு புள்ளி சிக்னலில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தேர்வு செய்கிறவருக்குக் கிடைக்கிற லாபம் எல்லாம் நிஜமானது, கையில் பிடித்துப் பார்க்கக்கூடியது. நஷ்டம் அவர் இருக்கும் அறைக்குள் வருவதே இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற காரணங்கள் புரிவது சுலபம்.

இந்தக் கனம் எதற்காக வந்தது என்று முதலில் பார்ப்போம். வலைப்பக்கம் ஆரம்பத்தில் ஒரு தாள் மாதிரிதான் இருந்தது. 1991-ல் டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வகத்தில் போட்ட முதல் தளத்தின் பக்கங்கள் இன்றைய போனிலும் திறக்கும். சர்வர் எழுதி அனுப்பும், பிரவுசர் காட்டும், அவ்வளவுதான். 2004-ல் ஜிமெயிலும் 2005-ல் கூகுள் மேப்ஸும் வந்த பிறகு, தாளாக இருந்தது ஒரு மென்பொருளாகவே ஆகிவிட்டது. பக்கம் புதிதாக ஏறாமலே உள்ளே இருப்பது மாறும். 2006-ல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேக்வெரி என்ற லைப்ரரி (தயாராக எழுதி வைத்த கோட்) அந்த வேலையை எல்லோர் கைக்கும் கொண்டுவந்தது. பட்டனை அழுத்தினால் இந்தப் பெட்டியைத் திற, அந்த எண்ணை மாற்று என்று கையாலேயே திரையைத் திருத்திக்கொண்டே போகலாம்.

கையால் திருத்துவதில்தான் சிக்கல். மண்டியில் ஒரே விலையைப் பலகையில் சாக்பீஸால் எழுதுகிறார்கள், விவசாயிக்குத் தரும் சீட்டில் எழுதுகிறார்கள், பேரேட்டிலும் எழுதுகிறார்கள். ஏலத்துக்கு நடுவில் விலை மாறினால் மூன்றையும் மாற்ற வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் சாயங்காலம் கணக்கில் சண்டை. ஃபேஸ்புக்கில் நடந்ததும் இதேதான். மெசேஜ் வந்திருக்கிறது என்று மேலே சிவப்பில் ஓர் எண் காட்டும், ஆவலாகத் திறந்து பார்த்தால் புதிதாக ஒன்றும் இருக்காது. சரிசெய்வார்கள், கொஞ்ச நாளில் அதே பக் திரும்பி வரும். 2014-ல் அந்தப் பொறியாளர்களே இதை மேடையில் உதாரணமாகச் சொல்லி விளக்கினார்கள். படிக்காத மெசேஜ் எத்தனை என்ற ஒரே தகவல் திரையில் பல இடங்களில் இருந்தது, ஒவ்வொரு இடத்தையும் வேறு வேறு கோட் மாற்றிக்கொண்டிருந்தது.

ஃபேஸ்புக்கில் ஜோர்டன் வால்க் உருவாக்கி 2013 மே மாதம் வெளியே வந்த ரியாக்ட்டின் அடிப்படை யோசனை இந்த இடத்தில்தான் இருக்கிறது. திரையைத் தொடாதே, தகவலை மட்டும் மாற்று. இந்தத் தகவலுக்குத் திரை எப்படி இருக்க வேண்டும் என்று ஒரே இடத்தில் எழுதி வை. முன்பிருந்ததுக்கும் இப்போதுக்கும் என்ன வித்தியாசம் என்று கண்டுபிடித்து, மாறிய இடத்தை மட்டும் திருத்துவது லைப்ரரியின் வேலை. மண்டியில் சொல்வதென்றால், பேரேட்டை மட்டும் திருத்தினால் போதும், பலகையும் சீட்டும் தானாகவே அதைப் பார்த்து மாறிக்கொள்ளும். இது நல்ல யோசனை என்று இன்றும் முழு மனதோடு சொல்வேன். முதலில் பலர் முகம் சுளித்தாலும் பின்னால் வந்த வியூ, ஸ்வெல்ட் மாதிரி ஃபிரேம்வொர்க்குகள் எல்லாம் ஏதோ ஒரு விதத்தில் இதே பாதையில்தான் நடந்தன.

யோசனை நல்லது என்பதால் மட்டும் ஐந்து பேர் கொண்ட கம்பெனி வரை எல்லோரும் எடுத்துவிடவில்லை. அதற்கு வேறொரு பயம் இருக்கிறது. அதை நான் நேரில் அனுபவித்திருக்கிறேன்.

2013-ல் ஓசூரில் எனக்கு ஒரு பிராஜெக்ட் கைமாறி வந்தது. லாரி வாடகைக் கணக்குப் போடுகிற திரை, ஜேக்வெரியில் எழுதியது. எல்லாம் ஒரே கோப்பில், ஆறாயிரம் வரிக்கு மேல். எழுதியவர் வேலையை விட்டுப் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. நடுவில் ஒரு வரிக்கு மேலே, "இதை எடுக்காதே" என்று மட்டும் குறிப்பு எழுதியிருந்தார். ஏன் எடுக்கக் கூடாது என்பதற்கு ஒரு வார்த்தை கிடையாது. அந்த வரி என்ன செய்கிறது என்று பார்த்தால், 300 மில்லிசெகண்ட் சும்மா காத்திருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். பத்து முறையில் ஒன்பது முறை சரியாக வந்தது, பத்தாவது முறை வாடகை பூஜ்யம் என்று காட்டியது. கிலோமீட்டர் கணக்கு சர்வரிலிருந்து வருவதற்குள் பெருக்கல் நடந்துவிடுகிறது. அந்த 300 மில்லிசெகண்டில் தகவல் வந்துவிடும் என்பது எழுதியவரின் நம்பிக்கை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. அது மாதிரி குறிப்பே எழுதப்படாத இடங்கள் எத்தனை இருந்தன என்று கடைசி வரை எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

எழுதியவர் திறமைக்குறைவானவர் கிடையாது. ஃபிரேம்வொர்க் வேண்டாம், எளிமையாக எழுதுவோம் என்றுதான் அவரும் ஆரம்பித்திருப்பார். பிராஜெக்ட் வளர வளர, தகவலை எங்கே வைப்பது, எது மாறினால் எதை வரைவது என்பதற்கெல்லாம் தனக்குத் தெரிந்த ஒரு முறையை உண்டாக்கிக்கொண்டார். அதுவும் ஒரு ஃபிரேம்வொர்க்தான். பெயரும் கையேடும் இல்லாத ஃபிரேம்வொர்க், தெரிந்த ஒரே ஆளும் ஊரில் இல்லை. டீம் லீடாக இருப்பவர் இதை ஒருமுறை பட்டுவிட்டால் அப்புறம் வாழ்நாள் முழுக்க ரியாக்ட்டோ அது மாதிரியே இன்னொன்றான ஆங்குலரோதான் எடுப்பார். டெவலப்பர் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் கிளம்பினாலும், அடுத்து வருகிறவர் முதல் நாளே கோப்புகளைத் திறந்து, இது காம்போனென்ட் (திரையின் ஒரு துண்டு), இது ஸ்டேட் (மாறும் தகவல்), இது ரூட் (எந்த முகவரிக்கு எந்தத் திரை) என்று அடையாளம் கண்டுகொள்வார். பெங்களூரைச் சுற்றி அடிக்கடி ஆள் மாறும் இந்தத் தொழிலில் இது சின்ன விஷயம் இல்லை. கனமான ஃபிரேம்வொர்க் எடுப்பவர்கள் சொல்லும் காரணங்களில் எனக்கு மிகவும் நியாயமாகப் படுவது இதுதான்.

இன்னொரு பழக்கம் நம் ஊர் வீடுகளிலேயே தெரியும். கீழ்த்தளம் மட்டும் கட்டுவார்கள், மொட்டை மாடியில் தூண்களுக்கு மேலே கம்பியை நீட்டி விட்டிருப்பார்கள். பையனுக்குக் கல்யாணம் ஆனால் மேலே ஒரு தளம் எழுப்பலாம் என்ற எண்ணம். டெவலப்பரும் அப்படித்தான் நினைக்கிறார். இன்று கிளையன்ட் வெறும் பட்டியல் கேட்கிறார், நாளை தேடல் வேண்டும் என்பார், அப்புறம் லாகின், அப்புறம் போனில் ஆப். இப்போதே கம்பி விட்டு வைத்தால் பிறகு இடிக்க வேண்டாம். சில பிராஜெக்ட்களில் அது உண்மையாகவே நடக்கும். 2015-ல் ரியாக்ட் நேட்டிவ் வந்த பிறகு, அதே அறிவை வைத்து ஆப்பும் எழுதலாம் என்பது பெரிய ஈர்ப்பாக ஆனது. ஆனால் கிருஷ்ணகிரியிலேயே எத்தனையோ வீடுகளில் அந்தக் கம்பி இருபது வருடமாகத் துருப்பிடித்து நிற்கிறது. மேல்தளம் வரவே இல்லை, கம்பிக்கும் அதற்கேற்ற அடித்தளத்துக்கும் கொடுத்த பணம் போனதுதான்.

சரி, வேலை விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நண்பர்கள் பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் படித்து வெளியே வருகிற பிள்ளைகளுக்கு வேலை பெரும்பாலும் பெங்களூரில் அல்லது சென்னையில். அங்கே இன்டர்வியூவில் ரியாக்ட் தெரியுமா, அதில் வரும் ஹூக்ஸ் தெரியுமா என்றுதான் கேட்கிறார்கள். ஆயிரம் பேர் பார்த்துப் பயனடைகிற ஒரு நல்ல எச்டிஎம்எல் பக்கத்தைச் செய்தேன் என்று ரெஸ்யூமேயில் போட்டால் அதைத் தேடிப் பிடிக்க யாரும் இல்லை. கம்பெனிகள் ரியாக்ட் தெரிந்தவர்களைத் தேடுகின்றன, அதனால் பிள்ளைகள் அதைப் படிக்கிறார்கள். படித்த ஆள் நிறையக் கிடைப்பதால் கம்பெனிகள் அடுத்த பிராஜெக்டையும் அதிலேயே போடுகின்றன. இந்தச் சுழற்சியில் யாரும் தப்பு செய்யவில்லை, எல்லோரும் தங்கள் பிழைப்பைப் பார்க்கிறார்கள். வீட்டுக்கடன், தங்கை படிப்பு என்று தலைக்கு மேல் பொறுப்பு இருக்கிற ஒரு ஃபிரஷரிடம் போய், நீ எளிமையான வழியில் செய், உன் ரெஸ்யூமே வெறுமையாக இருந்தாலும் பரவாயில்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

இப்போது கோட் எழுதித் தரும் ஏஐ கருவிகளும் இந்தச் சுழற்சியில் சேர்ந்துகொண்டன. ஒரு பக்கம் செய்து கொடு என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ரியாக்ட்டில்தான் தரும். அது படித்து வளர்ந்த கோட் அப்படி. பெரிய கம்பெனிகளின் பெயரும் சேர்ந்துகொள்கிறது. ரியாக்ட்டுக்குப் பின்னால் ஃபேஸ்புக், ஆங்குலருக்குப் பின்னால் கூகுள். ரியாக்ட்டின் மேல் கட்டிய நெக்ஸ்ட்டை 2016-ல் கொண்டுவந்த வெர்செல், அதை ஓட்டுவதற்கான ஹோஸ்டிங்கையும் விற்கிற நிறுவனம். ஆகவே அதைப் பற்றி நல்ல பாடமும் வீடியோவும் உதாரணமும் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். எச்டிஎம்எல்லுக்கு அப்படிக் காசு போட்டு எடுத்துச் சொல்ல எந்த முதலாளியும் இல்லை. ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் ஒரே கோடைத் தொடுகிற இடத்தின் பிரச்சினைக்குத் தைத்த சட்டையை, நான்கு பேர் வேலை செய்கிற இடத்தில் போட்டுக்கொள்கிறோம். அண்ணனின் ஸ்கூல் சட்டையை ஒன்றாம் வகுப்புத் தம்பி போட்டால் எப்படி இருக்கும், அப்படித்தான் நிறைய பிராஜெக்ட்கள் இருக்கின்றன.

இனி, சுமக்கிற ஆளைப் பற்றி. இதை எனக்குக் கற்றுக் கொடுத்தது ஒரு மாங்கூழ் ஆலையின் கேட்.

கிருஷ்ணகிரியில் மே மாதம் பிறந்தால் கூழ் ஆலைகளுக்குத் தோத்தாபுரி வண்டிகள் வரத் தொடங்கும், நம் பக்கம் பெங்களூரா என்போமே, அதுதான். டிராக்டர், டெம்போ, லாரி என்று சாலை ஓரமாக நீண்ட வரிசை நிற்கும். 2019 சீசனில் ஓர் ஆலைக்கு நாங்கள் டோக்கன் பக்கம் செய்து கொடுத்தோம். எந்த டோக்கன் வரை உள்ளே போயிருக்கிறது, இன்றைய விலை என்ன, இரண்டே விஷயம். டிரைவர் வண்டியிலிருந்து இறங்காமல் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்பது திட்டம். ரியாக்ட்டில் செய்தேன். எண் மாறும்போது பழைய எண் மேலே நகர்ந்து புதியது கீழிருந்து வரும், பார்க்க அழகாக இருக்கும். ஆபீஸில் ஒரு நொடியில் திறந்தது.

முதல் வாரம் போய் கேட்டருகே நின்று பார்த்தேன். வரிசையில் ஐம்பது அறுபது வண்டிகள், எல்லோர் கையிலும் போன், எல்லாம் ஒரே டவரை நம்பி. அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து டெம்போவில் காய் ஏற்றி வந்திருந்த ஒரு பெரியவர், கண்ணாடி விரிசல் விட்ட போனில் பக்கத்தைத் திறந்தார். வெள்ளைத் திரை. நடுவில் சின்ன வட்டம் சுற்றியது. வெயிலுக்குக் கையை மறைத்துப் பிடித்துக்கொண்டு பார்த்தார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மூடிவிட்டு மறுபடி திறந்தார், மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது முறை போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார். வாட்ச்மேன் அறைக்கு வெளியே ஒரு கரும்பலகை, அதில் சாக்பீஸால் டோக்கன் எண். நாங்கள் பக்கம் செய்து கொடுத்த பிறகும் வாட்ச்மேன் அதை எழுதுவதை நிறுத்தவில்லை. அரை மணி நேரம் நின்றேன், போனைப் பார்த்துவிட்டுப் பலகைக்கு நடந்து வந்தவர்கள்தான் அதிகம்.

கணக்கு எளிது. சுருக்கிய பிறகும் அந்தப் பக்கம் இறக்கியது கிட்டத்தட்ட 1 எம்பி. கூட்ட நெரிசலில் டவர் ஒருவருக்கு நொடிக்கு 400 கிலோபிட் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், இறங்க மட்டும் 20 நொடி. அதோடு முடியவில்லை. ஒரு படம் 200 கேபி இருந்தால் இறங்கியதும் காட்டிவிடலாம். ஜாவாஸ்கிரிப்ட், அதாவது பிரவுசரில் ஓடும் கோட், 200 கேபி என்றால் போன் அதைப் பிரித்து, படித்து, தனக்குப் புரியும் கட்டளையாக மாற்றி, ஓட்டிய பிறகுதான் திரையில் எழுத்து வரும். விலை குறைந்த போனின் பிராசசர் நம் லேப்டாப்பைவிடப் பல மடங்கு மெதுவானது. ரியாக்ட் மட்டும் பார்த்தால் சுருக்கிய நிலையில் ஐம்பது கேபி அளவில்தான் வரும், பழியை முழுக்க அதன் மேல் போட முடியாது. தேதிக்கு ஒரு லைப்ரரி, ஐகானுக்கு ஒன்று, நகரும் எண்ணுக்கு ஒன்று, எல்லாவற்றையும் நிர்வகிக்க ஒன்று என்று நான்தான் ஏற்றினேன். ஒரு வரியில் பேக்கேஜ் சேர்க்க முடிகிற இடத்தில் கை தானாகப் போகும்.

அன்று ராத்திரியும் மறுநாளும் உட்கார்ந்து மாற்றி எழுதினேன். டோக்கன் எண் மாறும்போதெல்லாம் சர்வர் ஒரு எச்டிஎம்எல் பக்கத்தை எழுதி வைக்கும். போன் அதை வாங்கிக் காட்டும். நிமிடத்துக்கு ஒருமுறை பக்கம் தன்னையே புதுப்பித்துக்கொள்ள எச்டிஎம்எல்லிலேயே ஒரு வரி இருக்கிறது, அதைப் போட்டேன். மொத்த எடை 9 கேபி. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இணைப்பு ஆரம்பித்ததும் சர்வர் பதிலுக்குக் காத்திருக்காமல் முதல் சுற்றில் அனுப்பக்கூடியது பொதுவாக 10 பாக்கெட், அதாவது சுமார் 14 கேபி. அதற்குள் பக்கம் அடங்கிவிட்டால், வழியில் பாக்கெட் எதுவும் தொலையாதவரை, ஒரே போக்குவரத்தில் முழுதும் வந்துவிடும். நகரும் எண் போய்விட்டது, அது எங்கே என்று அந்த சீசன் முழுக்க ஒருவரும் கேட்கவில்லை. ஜூன் நடுவில் போனபோது கரும்பலகையில் மழைத் தண்ணீர் பட்டுப் பழைய எண் பாதி அழிந்திருந்தது, யாரும் அதைத் திருத்தியிருக்கவில்லை.

நெட்ஃபிளிக்ஸ் மாதிரி பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. லாகின் செய்யாதவர்கள் பார்க்கும் முகப்புப் பக்கத்தில், பிரவுசர் பக்கம் ஓடும் ரியாக்ட்டை 2017-ல் எடுத்துவிட்டார்கள். சர்வரில் ரியாக்ட்டை வைத்துக்கொண்டார்கள், பிரவுசருக்குச் சாதாரண ஜாவாஸ்கிரிப்ட் மட்டும். 200 கேபிக்கு மேல் குறைந்தது, பக்கம் பயன்படுத்தத் தயாராகும் நேரம் பாதியானது. ஆனால் பொதுப் போக்கு எதிர்ப்பக்கம்தான். தளங்களை மாதாமாதம் அளந்து பதிகிற எச்டிடிபி ஆர்க்கைவ் கணக்கில், 2024-ல் போனில் திறக்கும் பக்கங்களில் நடுவில் நிற்கிற பக்கமே 2 எம்பியைத் தாண்டுகிறது. அதில் ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் 500 கேபிக்கு மேல்.

பராமரிப்புச் செலவையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாணவர்களுக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை. நானே 2014-ல் ஆங்குலரின் பழைய வடிவமான ஆங்குலர்ஜேஎஸ்ஸில் ஒரு பிராஜெக்ட் செய்தேன். 2016-ல் ஆங்குலர் 2 வந்தது, பெயர்தான் ஒன்று, உள்ளே எல்லாம் வேறு. பழையதற்கான ஆதரவு 2021 முடிவோடு நின்றது. வாடிக்கையாளருக்கு ஒரு புது வசதியும் இல்லாமல் முழுதும் திரும்ப எழுத வேண்டியிருந்தது. ரியாக்ட் படிக்கிற எல்லோருக்கும் முதல் பாடமாக இருந்த, புது ஆப்பைத் தொடங்கித் தரும் கருவியான கிரியேட் ரியாக்ட் ஆப், 2025 பிப்ரவரியில் இனி புதிய ஆப்புக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவிக்கப்பட்டது. அதைப் போட்டாலே ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் கணினியில் இறங்கும், ஒவ்வொன்றும் எங்கோ ஒருவர் எழுதியது. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரிக் கோடை எழுதியவர் என்பிஎம் என்ற பேக்கேஜ் கிடங்கிலிருந்து எடுத்துவிட, அதை நேரடியாகவும் மறைமுகமாகவும் நம்பியிருந்த பிராஜெக்ட்கள் உலகம் முழுக்க நின்றுபோயின. எழுத்துக்கு இடப்பக்கம் இடைவெளி சேர்க்கிற வேலைதான் அந்தப் 11 வரி.

அப்படியானால் எப்போது கனமானது சரி? அதே கூழ் ஆலையின் அலுவலக அறைத் திரை இன்றும் ரியாக்ட்டில்தான் ஓடுகிறது, அதை நான் மாற்றவில்லை. எடைமேடையில் ஒருவர் எடை போடுகிறார், தரம் பார்ப்பவர் அழுகல் கழிவைப் பதிகிறார், கணக்குப்பிள்ளை முன்பணத்தைக் கழிக்கிறார். ஒரு எண் மாறினால் ஆறு இடத்தில் மாற வேண்டும். மூன்று பேரும் காலை முதல் இரவு வரை அதே திரையைத் திறந்து வைத்திருக்கிறார்கள், முதலில் நான்கு நொடி காத்திருப்பது அவர்களுக்குப் பொருட்டே இல்லை. எடைமேடைத் திரையை அன்று பழைய முறையில் எழுதியிருந்தால் இன்னொரு ஆறாயிரம் வரிக் கோப்புதான் உண்டாகியிருக்கும். திரையில் இருக்கிற தகவலை யார் மாற்றுகிறார்கள், எவ்வளவு நேரம் அந்தத் திரையில் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். பார்ப்பவர் படித்துவிட்டுப் போகிறார் என்றால் சர்வர் எழுதித் தரும் பக்கமே போதும். நடுவில் நிற்கும் தேவைகளுக்கு இப்போது வழிகளும் கூடியிருக்கின்றன. 2020-ல் வந்த எச்டிஎம்எக்ஸ் 14 கேபி அளவில்தான் இருக்கும், சர்வர் எழுதித் தரும் துண்டை வாங்கிப் பக்கத்தில் பொருத்தும். முன்பு லைப்ரரி தேவைப்பட்ட பாப்-அப் பெட்டி 2022 முதல் எல்லா முக்கிய பிரவுசரிலும் எச்டிஎம்எல்லாகவே இருக்கிறது. ஃபிரேம்வொர்க் எடுக்கும் பழக்கம் பிரவுசர்கள் இவ்வளவு வளர்வதற்கு முன்னால் உண்டானது, பலர் அதற்குப் பிறகு திரும்பிப் பார்க்கவில்லை.

உங்கள் பிராஜெக்டுக்கு வருவோம். அதில் இரண்டு திரை இருக்கிறது. ஒன்று விவசாயி பார்ப்பது: நாட்டுத் தக்காளி என்ன விலை, ஹைபிரிட் என்ன விலை, நேற்றைவிட ஏறியதா இறங்கியதா. இன்னொன்று மண்டியில் உட்கார்ந்து விலையைப் பதிகிறவர் பயன்படுத்துவது: ரகம் சேர்ப்பது, ஏலம் நடக்க நடக்கத் திருத்துவது, தப்பாகப் போட்டதைத் திரும்ப எடுப்பது. இரண்டாவதை உங்கள் நண்பர்கள் மூன்று பேரும் ரியாக்ட்டில் செய்யட்டும். அந்தத் திரைக்கு அது பொருத்தமானது, ரெஸ்யூமேயிலும் நேர்மையாகப் போட்டுக்கொள்ளலாம், இன்டர்வியூவில் ஏன் ரியாக்ட் எடுத்தீர்கள் என்று கேட்டால் சொல்வதற்குக் காரணமும் இருக்கும். முதலாவதை நீங்கள் எச்டிஎம்எல்லில் செய்யுங்கள். விலை மாறினால் பிஎச்பி ஒரு பக்கத்தை எழுதி வைக்கட்டும். ஒரு நாளைக்குச் சில முறை மாறுகிற தகவலுக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. எழுத்துருவையும் வெளியிலிருந்து இழுக்காதீர்கள், போனில் இருக்கிற தமிழ் எழுத்துருவே போதும்.

மார்க் விஷயத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். விவசாயி பார்க்கும் பக்கத்தையும் ரியாக்ட்டில் ஒரு முறை செய்து வைத்துக்கொள்ளுங்கள், ஒப்பிட மட்டும். குரோம் பிரவுசருக்குள்ளேயே இருக்கும் டெவ்டூல்ஸில் நெட்வொர்க் வேகத்தைக் குறைத்து இரண்டையும் திறந்து, எத்தனை கேபி, எத்தனை நொடி என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு நான்கு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஞ்சப்பள்ளிப் பக்கமோ பென்னாகரம் தாண்டியோ போய், வீட்டில் இருப்பதிலேயே பழைய போனில் இரண்டையும் திறந்து பார்த்து அதையும் ரிப்போர்ட்டில் சேருங்கள். வைவாவில் ஏன் ரியாக்ட் இல்லை என்று கேட்டால் அந்த இரண்டு அட்டவணையை நீட்டினால் போதும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். எளிய பக்கத்தை போன் சேமித்து வைத்துக்கொண்டு சில நேரம் சிக்னல் இல்லாதபோதும் காட்டக்கூடும். அதனால் விலைக்கு மேலே தேதியையும் நேரத்தையும் விலை அளவுக்கே பெரிய எழுத்தில் போடுங்கள். நேற்றைய விலையை இன்றைய விலை என்று நம்பி ஒருவர் விடியற்காலையில் வண்டிக்குச் சொல்லிவிடக் கூடாது.